டேப்பட் சத்தம் கேட்காத புல்லட்

2016 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் வெயில் 41.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மூணாற்றைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலோ ஜனவரி விடியலில் புல் நுனியெல்லாம் உறைபனி படிகிறது. சில ஆண்டுகளில் வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழும் இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம்தான். கொழிஞ்சாம்பாறையில் காலை இட்லியை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாற்றில் மறுபடி கேரளத்துக்குள் ஏறி, மறையூர்ச் சந்தனக் காட்டைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் மூணாறு சேர்ந்துவிடலாம். அவர் ஏறி வந்தது பழைய புல்லட்டாக இருந்தால், அதற்குள் இருக்கும் இரண்டு லிட்டர் சொச்சம் எண்ணெய் சமவெளி வெயிலையும் மலைக் குளிரையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறது.

சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களிலும் இப்படிப்பட்ட வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கம்பெனி சைலன்சர் இருக்காது. கோல்ட் ஸ்டார், ஷார்ட் பாட்டில், மெகாபோன் என்று கடைக்காரர்கள் பெயர் சொல்லி விற்கும் வெளிச் சைலன்சர் ஏறியிருக்கும். “சைலன்சர் மாத்துனதுக்கும் ஆயில் மாத்துறதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?” என்று பட்டறையில் கேட்கிற இளைஞர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது, நிறையவே. பழைய எஞ்சின் தன் உடல்நிலையை இரண்டு வழிகளில் வெளியே தெரிவிக்கிறது: ஒன்று சத்தம், இன்னொன்று எண்ணெய். சைலன்சரை மாற்றியவர் முதல் வழியைப் பாதி அடைத்துவிடுகிறார். அப்புறம் எண்ணெயைத்தான் கவனமாகப் பார்த்தாக வேண்டும்.

எல்லைக்கும் இந்த வண்டிக்கும் பழைய உறவு உண்டு. எல்லைக் காவலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்த இந்திய அரசு 1954-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் 350 சிசி புல்லட் 800 வண்டிகள் கேட்டது. 1955-இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராகின. இங்கிலாந்தில் ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் அந்த எஞ்சின் பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது: 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, 18 குதிரைத்திறன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த யு.சி.இ. எஞ்சின் 2008-09 முதல் வந்த பிறகுதான் அதன் காலம் முடிவுக்கு வந்தது.

யு.சி.இ. எஞ்சினில் கிராங்க், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாமே ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. வார்ப்பிரும்பு புல்லட்டில் அப்படியில்லை. எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், பிரைமரி செயின் பெட்டிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்குத் தனி மசகு. “ஆயில் மாத்தியாச்சு” என்று ஒருவர் சொன்னால் எதை மாற்றினார் என்று கேட்பதுதான் சரி. எஞ்சினுக்குள் ஏறக்குறைய 2.25 லிட்டர் பிடிக்கும். அந்த எண்ணெய்க்கான டேங்க் கிராங்க் கேஸின் பின்பக்கத்தில், அதே வார்ப்பிலேயே அமைந்திருக்கிறது. கிராங்க் முனையிலுள்ள திருகுப் பல் இரண்டு சிறிய பம்புகளை ஓட்டுகிறது. ஒன்று டேங்கிலிருந்து எண்ணெயை எடுத்து, டைமிங் கவருக்குள் இருக்கும் ஃபெல்ட் ஃபில்டர் வழியாகக் கிராங்குக்கு அனுப்பும். மற்றது கீழே வழிந்து சேர்ந்ததை வாரி எடுத்து, ஒரு பங்கை மெல்லிய வெளிக் குழாய் வழியாகத் தலையிலுள்ள ராக்கர்களுக்கு ஏற்றிவிட்டு மீதியை டேங்குக்குத் திருப்பும்.

கிராங்குக்குப் போகும் எண்ணெய்க்கு அங்கே காத்திருக்கும் வேலை பெரியது. பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் குண்டுகளோ உருளைகளோ கிடையாது. உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசிய ஒரு வளையம் மட்டும், இரண்டு எண்ணெய்ப் படலங்களுக்கு நடுவே மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் படலம் எத்தனை வலிமையானது என்பது உலகுக்குத் தெரிந்ததே ஒரு தற்செயலால்தான். இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் 1880-களின் தொடக்கத்தில், இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பீறிட்டது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் ஏற்றியிருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான். சுழலும் அச்சே எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துப் போய், தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். மசகியல் என்ற துறை அங்கே தொடங்குகிறது. உலோகத்தை உலோகம் தொடுவதேயில்லை. நடுவில் நிற்பது எண்ணெய். எண்ணெய் தன் தடிமனை இழந்தால் படலம் அறும், வெள்ளை உலோகம் உரசும். பட்டறைகளில் எஞ்சினைப் பிரிக்கும்போது பலர் இந்த வளையத்தைக் கழற்றிவிட்டு ரோலர் பேரிங் போட்டுவிடுகிறார்கள். அப்போதும் எண்ணெயின் வேலை குறைந்துவிடாது.

இனி சத்தத்துக்கு வரலாம். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்றில் நின்றபடி ஓடும் புல்லட் விநாடிக்கு ஏழரை முறை வெடிக்கும். விநாடிக்கு இருபதுக்கும் குறைவான துடிப்புகளை மனிதக் காது ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்பதில்லை. தனித்தனி அடிகளாகவே எண்ணுகிறது. புல்லட்டின் பெயர் பெற்ற அந்த ‘டுப் டுப்’ நம் காதின் எல்லையிலிருந்து பிறக்கிறது. அதன் கீழே இன்னொரு சத்தமும் இருக்கிறது: டேப்பட்டின் மெல்லிய ‘டிக் டிக்’. வால்வு இடைவெளி கூடினாலும், ராக்கருக்கு எண்ணெய் ஏறாமல் போனாலும், பெரிய முனையில் ஆட்டம் விழுந்தாலும் முதலில் மாறுவது இந்தச் சன்னமான சத்தங்கள்தான். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே தலையைச் சாய்த்துக் கேட்பது இவற்றைத்தான்.

வெளிச் சைலன்சர் அழிப்பதும் இவற்றைத்தான். வெகல், லேன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1924-இல், ஒரு சத்தம் இன்னொன்றை எப்படி மறைக்கிறது என்று அளந்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணிலுள்ள உரத்த சத்தம் தனக்கு மேலுள்ள அதிர்வெண்களை எளிதாக மூழ்கடிக்கிறது. உயர்ந்த சத்தம் தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. உள்செவியின் சவ்வு அதிரும் விதமே அப்படி. மெகாபோனின் முழக்கம் தாழ்ந்த அதிர்வெண், டேப்பட்டின் சத்தம் உயர்ந்த அதிர்வெண். ஆக, ஓட்டுகிறவர் எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் பயனில்லை. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, தயாரிப்பு நிலையில் 7.5 மீட்டர் தொலைவிலிருந்து அளக்கும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை. 2022 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில் சைலன்சர் மாற்றிய வண்டிகளைத் தேடிப் பிடித்தது. சின்னாறு வழி யானையும் காட்டெருமையும் குறுக்கே போகிற சரணாலயச் சாலை என்பதால், அங்கே முழக்கத்தோடு போவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. கம்பெனி சைலன்சரை மறுபடி மாட்டுவதே நல்லது. அது நடக்கும்வரை அந்த எஞ்சினைக் காப்பாற்றியாக வேண்டுமே!

புகை போகும் வழி திறந்துகொண்டால் எஞ்சின் மூச்சு விடும் கணக்கும் மாறுகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும், சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பில் ஓர் அழுத்த அலை ஓடி, சைலன்சர் வாயில் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. அந்த அலை எப்போது திரும்புகிறது, எந்த வால்வு அப்போது திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே வரும் காற்றின் அளவு கூடும், குறையும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த மிக்சர் மெலிந்துவிடுகிறது. ப்ளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும். எஞ்சின் சூடு ஏறும். காற்றுக் குளிர்ச்சியை மட்டும் நம்பியிருக்கும் வார்ப்பிரும்பு சிலிண்டருக்குச் சித்தூர் வெயிலில் இது கூடுதல் சுமை. எண்ணெயின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது வேதியியலார் கைக்கணக்கு. 3000 கிலோமீட்டர் தாங்க வேண்டிய எண்ணெய் அதில் பாதியிலேயே கறுத்துப் பிசுபிசுக்கத் தொடங்குவது இப்படித்தான்.

அதற்குப் பயந்து பெரிய ஜெட் போட்டால் மலை வேறு கணக்குச் சொல்கிறது. மூணாறு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்குள் பாயும் காற்று பெட்ரோலை உறிஞ்சும் திறன் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. மிக்சர் 7, 8 சதவீதம் கெட்டியாகிவிடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் சரியாக இருந்த ஜெட் மூணாற்றில் கறுப்புப் புகை விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. சில சதவீதம் பெட்ரோல் கலந்தாலே 50 தரத்து எண்ணெய் 40 தரத்துக்கு மெலிந்துவிடும். மிதக்கும் வளையத்துக்கு அது நல்ல செய்தியல்ல.

தோட்ட வாழ்க்கை இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங் இடுக்கில் நுழைந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கும். நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் சூடாகி அந்த நீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கி வெளியேற்றிவிடும். லயத்திலிருந்து தேயிலை ஆலைக்கு, ஆலையிலிருந்து கடைக்கு என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு அந்தச் சூடு ஒருநாளும் வருவதில்லை. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொன்று நடக்கிறது. ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கும்போது சிலிண்டருக்குள் பலத்த வெற்றிடம் உண்டாகிறது. தேய்ந்த வால்வு கைடு வழியாக எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அடிவாரத்தில் மறுபடி முறுக்கும்போது நீலப் புகை வருமானால் காரணம் இதுதான். இறக்கத்தில் சைலன்சர் ‘பட பட’ என்று வெடிப்பதைச் சிலர் ரசிக்கிறார்கள். பெண்டு பைப் இணைப்பில் காற்று கசிகிறது, மிக்சர் சரியில்லை என்பதன் அறிகுறி அது.

எண்ணெய் டப்பாவில் இருக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 20டபிள்யூ50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. எஸ்.ஏ.இ. தரப்படி 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். 50 என்றால் 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள் நிற்க வேண்டும். மூணாற்றின் குளிர் அந்த மைனஸ் 15-இன் பக்கத்தில்கூட வராது, ஆகவே குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். பாலக்காட்டின் கோடைதான் கேள்வி. அதற்குத்தான் பின்னாலுள்ள 50. இந்த இரட்டைக் குணத்தைத் தருவது எண்ணெயில் கரைந்திருக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகள். கியர் பற்கள் அவற்றை நறுக்கிவிடும். கியர்பாக்ஸ் தனியாக இருப்பதால் வார்ப்பிரும்பு புல்லட்டில் அந்தத் தொல்லை குறைவு, யு.சி.இ. வண்டிக்காரர்கள்தான் இதையும், கிளட்ச் வழுக்காமலிருக்க 1998-இல் வந்த ஜாசோ எம்.ஏ. முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும்.

இனிக் கை வைக்கலாம். வண்டியை ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டுச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். ஆனால் அதே ஓட்டத்தில் பெண்டு பைப்பும் கொதிக்கும். கையில் பட்டால் தோல் உரியும். எண்ணெய் சொட்டினால் புகை கிளம்பும். எண்ணெய் சூடாகவும் பைப் ஆறியும் இருக்க வேண்டும் என்பது முரண்போலத் தோன்றினாலும் இயற்பியல் உதவுகிறது. பைப் மெல்லிய தகடு, அதில் தேங்கும் வெப்பம் கொஞ்சம். கால் மணி நேரத்தில் ஆறிவிடும். இரண்டு லிட்டர் எண்ணெயும் அதைச் சுமக்கும் அலுமினிய வார்ப்பும் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. கிளாஸ் வுல் அடைத்த சைலன்சர் மட்டும் வெகுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், அதன்மேல் கை ஊன்றக் கூடாது.

வலப்பக்கத்தில்தான் டைமிங் கவரும் ஃபில்டரும். பைப்பும் அந்தப் பக்கமாகவே பின்னால் போகிறது. கம்பெனி பைப்பின் வளைவு பானா நுழையும் இடத்தைக் கணக்கில் வைத்துப் போட்டது. வெளியில் வாங்கிய பைப் அரை அங்குலம் உள்ளே ஒட்டிவந்தாலும் ரிங் ஸ்பேனர் சுழல இடமிருக்காது. அப்போது பலர் கட்டிங் பிளேயரால் கடித்துத் திருப்பி போல்ட்டின் முனையை மழுங்கடிக்கிறார்கள். சைலன்சர் பிராக்கெட்டைத் தளர்த்திப் பைப்பைச் சற்று இறக்கிவிட்டு வேலை செய்வதுதான் முறை. பிறகு பைப்பின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிவைத்தால் வழிவது அதில் போகும். கிராங்க் கேஸின் அடியில் டேங்குக்கு ஒன்று, கீழே வழிந்த எண்ணெய் சேரும் சம்புக்கு ஒன்று என டிரெயின் போல்ட்டுகள் உண்டு. ஒன்றை மட்டும் கழற்றினால் பாதி எண்ணெய் உள்ளேயே நின்றுவிடும்.

தட்டில் விழுந்த எண்ணெயை உடனே டப்பாவில் ஊற்றிவிடக் கூடாது. காது இழந்ததைக் கண்ணும் மூக்கும் மீட்கும் இடம் இந்தத் தட்டு. வெயிலில் வைத்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பால் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மோந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் மிக்சர் கெட்டி, அல்லது கார்புரேட்டர் ஊசி ஒழுகுகிறது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எண்ணெய்க்குள் ஓட்டினால் இரும்புத்தூள் அதில் பிடிக்கும். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாக மினுங்குவது பிஸ்டன் அலுமினியமாக இருக்கலாம், மஞ்சளாக மினுங்குவது வெண்கல புஷ். மங்கிய சாம்பல் நிறச் செதில்கள் கிடைத்தால் பெரிய முனையின் வெள்ளை உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை அதற்குமேல் மலையேற்றக் கூடாது. 1940-களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே தன் டீசல் என்ஜின்களின் எண்ணெயை நிறமாலைமானியில் வைத்து உலோகங்களின் அளவைப் பார்க்கத் தொடங்கியது. பின்னாளில் விமானப் படைகளும் அதே வழிக்கு வந்தன. பட்டறையில் அந்தக் கருவி இல்லை. ஃபில்டர் தாள் இருக்கிறது. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டு ஓரிரவு காயவிட்டால் எண்ணெய் வட்டமாகப் பரவும். புகைக்கரி ஓரம்வரை சீராகப் பரவியிருந்தால் எண்ணெயிலுள்ள சேர்க்கைப் பொருள்கள் இன்னும் வேலை செய்கின்றன. நடுவில் கருமையாகக் குவிந்து, கூரிய விளிம்போடு நின்றுவிட்டால் அவற்றின் சக்தி தீர்ந்துபோனது. வெளி விளிம்பில் வெளிறிய அகன்ற வளையம் பெட்ரோல் கலப்பைக் காட்டும். தாளின் ஓரத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

வடித்த எண்ணெய் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கென்றே உள்ளன. தோட்டங்களில் அதைக் கரையானுக்கென்று மரத்தில் பூசுவதும் ஓரமாக மண்ணில் கொட்டுவதும் பழக்கம். ஒரு வண்டியின் ஒருமுறை எண்ணெய் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்த எல்லையில் தண்ணீர் இரு பக்கமும் போகிறது. மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதி அணைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பிறக்கும் ஆழியாறு மேற்கே ஓடிச் சித்தூர் வயல்களுக்குப் பாய்கிறது. மறையூர் ஓடையில் ஊற்றியது உடுமலைக்காரர் குழாய்க்கு வரும் வழி உண்டு. ஆகவே எண்ணெய் பழைய டப்பாவிலேயே அடைபட்டுப் பட்டறை பேரலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அது பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போகிறதா என்று கேட்பதும் வண்டிக்காரர் உரிமை.

ஃபெல்ட் ஃபில்டரைக் கழற்றும்போது ஸ்பிரிங், வாசர் எந்த வரிசையில் வந்தன என்று தரையில் அப்படியே வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு போய்விடும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாசர். கிராங்க் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. நீளப் பிடியுள்ள பானாவால் மூச்சைப் பிடித்து இறுக்கினால் மரை போய்விடும், பிறகு அந்த ஓட்டை ஆயுளுக்கும் கசியும். புது எண்ணெயை முதலில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். பழையது எவ்வளவு வடித்தாலும் மூலைமுடுக்குகளில் கொஞ்சம் நிற்கும்.

ஊற்றியதும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இக்னிஷனை அணைத்துவைத்து, டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நிதானமாகப் பல முறை மிதித்தால் பம்ப் காலியான வழிகளில் எண்ணெயை நிரப்பிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் நிற்கவிட்டு, ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் மேல் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் போல்ட் அடியில் ஈரம் கசிந்து, பொன்னிறச் சொட்டாகத் திரண்டு வழிந்தால் எண்ணெய் தலைவரை ஏறிவிட்டது. வரவில்லையென்றால் உடனே அணைத்துவிட்டுப் பம்பைப் பார்க்க வேண்டும். அமைதியான சைலன்சர் இருந்திருந்தால் ராக்கர் வறண்டிருப்பதைக் காதே சொல்லியிருக்கும்.

இந்த வண்டிகளுக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த புல்லட்டில் டேங்கிலுள்ள எண்ணெய் பம்ப் வழியே சொட்டுச் சொட்டாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் காய்ந்திருக்கும். எண்ணெய் குறைந்துவிட்டது என்று ஒரு லிட்டர் ஊற்றி உதைத்தால், கீழே தேங்கியிருந்ததைக் கிராங்க் சுழற்றியடித்துச் சிலிண்டருக்கு ஏற்றிவிடும். தெருவை மறைக்கும் புகை. கிளாஸ் வுல் சைலன்சர் அந்த எண்ணெயைக் குடித்துவிட்டால் பல நாளைக்கு வண்டி ஓடும்போதெல்லாம் புகையும். ரிங் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினையே பிரிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. முதலில் வண்டியைச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். திரும்பு பம்ப் எண்ணெயை டேங்குக்குச் சேர்த்த பின் அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, அதன் பிறகு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தால் உண்மையான அளவு தெரியும். குறைந்ததை அப்போது சேர்க்கலாம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பின் டேப்பட் கவரைத் திறந்து புஷ் ராடை விரலால் திருப்பிப் பார்ப்பது நல்லது. தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. காதால் கேட்க முடியாததை விரல் நுனி இப்படிச் சரிபார்த்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு சொட்டை ஃபில்டர் தாளில் விட்டுப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு சீக்கிரமே நடுவட்டம் கறுத்திருந்தாலோ பெட்ரோல் வளையம் அகன்றிருந்தாலோ புது எண்ணெயைக் குறை சொல்வதற்கில்லை. ஜெட்டையும் பெண்டு பைப் இணைப்பையும் சரிசெய்து, முடிந்தால் பழைய சைலன்சரை மாட்டி, மறுபடி 500 கிலோமீட்டர் ஓட்டி மூன்றாவது தாளை எடுக்க வேண்டும்.